மஞ்சள் கோட்டைப் படிக்கப் பழகினோம்

லண்டனுக்கு வந்த முதல் வருடம், நகரின் நடுப்பகுதிக்குக் காரில் போவதென்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஓட்டுவதில் பயமில்லை. நிறுத்துவதில்தான்.

இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்நேரமும் நிறுத்தக் கூடாது, ஒற்றைக் கோடு என்றால் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் தடை. இவ்வளவும் தெரிந்துதான் ஒரு சனிக்கிழமை ஒற்றைக் கோட்டின் மேல் காரை விட்டோம். தெருவின் இரண்டு முனைக்கும் நடந்து பார்த்தேன், நேரம் எழுதிய பலகை எங்குமில்லை. சரி, வார இறுதிதானே என்று போய்விட்டோம். திரும்பி வந்தால் முன்கண்ணாடியில் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. அபராதம்.

பலகை இருக்கத்தான் செய்தது, நாலைந்து தெரு தள்ளி, பார்க்கிங் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழையும் இடத்தில். தெருவில் தனிப் பலகை இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஒற்றைக் கோடுகளுக்கெல்லாம் அந்த நேரம்தான் கணக்கு. 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை என்பதால் அன்றிரவே கட்டினோம். ஆனாலும் மனசு ஆறவில்லை. புதிதாக வருகிறவருக்கு இதை யார் சொல்லித் தருகிறார்கள்?

அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது: ஓட்டுபவர் சாலையைப் பார்க்க, பக்கத்தில் இருப்பவர் பலகையை வாசிக்க வேண்டும். "ஏங்க, திங்கள் முதல் சனி, எட்டரையிலிருந்து ஆறரை" என்று சத்தமாகச் சொல்வேன். நடைபாதை ஓரக் கல்லில் குறுக்காகச் சின்ன மஞ்சள் கீற்று இருந்தால் சாமான் ஏற்றி இறக்கவும் தடை உண்டு. இரண்டிரண்டாக இருந்தால் எந்நேரமும் தடை. இரட்டைச் சிவப்புக் கோட்டில் நிற்கவே கூடாது.

நகரின் நடுப்பகுதிக்குள் கார் ஓட்டிப் போவதற்கான நெரிசல் கட்டணம் 2003-லிருந்து இருக்கிறது. சுங்கச்சாவடி கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும், நாமாக நினைவு வைத்துக் கட்ட வேண்டும். தானாகக் கழியும்படி பதிந்துவைத்த பிறகுதான் நிம்மதி.

இப்போது பெரும்பாலும் புறநகர் ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ட்யூப் எனும் சுரங்க ரயிலில் போகிறோம். ஸ்டேஷனுக்குள் போகவும் வெளியே வரவும் கட்டணத்துக்கு ஒரே கார்டைத் தொட வேண்டும். உள்ளே போகும்போது கார்டையும் வெளியே வரும்போது போனையும் தொட்டால் இரண்டு தனிப் பயணமாகிக் கூடுதலாகப் பிடித்துவிடும். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து காவென்ட் கார்டனுக்கு மட்டும் ரயில் ஏறாதீர்கள், நடந்தாலே சில நிமிடம்தான். காவென்ட் கார்டன் ஸ்டேஷனில் லிஃப்டை விட்டுப் படியேறினால் 193 படி. குழந்தை வண்டியோடு போகும் நாட்களில் எங்களுக்குப் பஸ்தான்.