அல்சூரில் குடியிருக்கிறேன், ஓட்டு மட்டும் இல்லை

பெங்களூரில் அல்சூர் பக்கம் குடிவந்த பிறகு தமிழுக்குக் குறையில்லை. குப்பை வண்டி வராத நாளில் "யாருகிட்டம்மா போய்ச் சொல்றது, கவுன்சிலரே இல்லையே" என்று ஓனரம்மா அலுத்துக்கொள்வார். 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின் வருடக்கணக்காக இங்கே மாநகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. நடந்தாலும் எனக்கு ஓட்டு கிடையாது. பெற்றோர் இலங்கை, என் கடவுச்சீட்டு ஜேர்மன்.

நெதர்லாந்தில், ரோட்டர்டாமில் வேலை பார்த்தபோது அங்கேயும் நான் வெளிநாட்டுக்காரிதான், டச்சும் அரைகுறை, ஆனாலும் நகரசபைத் தேர்தலுக்கான வாக்காளர் அட்டை என் பெயர் போட்டுத் தபாலில் வீட்டுக்கே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஒன்றியத்தில் ஒரு நாட்டின் குடிமகன் வேறு எந்த உறுப்பு நாட்டில் வசித்தாலும் நகரசபைக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் அங்கேயே வாக்களிக்கலாம். நாடு என்ற வேலியைத் தாண்டிய குடியுரிமை என்று இதைப் புகழ்கிறார்கள். பாதிதான் உண்மை. அகதிகளுக்கான பயண ஆவணத்தோடு ஜேர்மனியில் வருடக்கணக்கில் வாழ்ந்து, வேலை செய்து, வரி கட்டிய என் அம்மாவுக்கு அந்த உரிமை இல்லை, அதே ஊருக்கு அப்புறமாக வந்த போர்த்துகல்காரருக்கு இருந்தது. ஏதாவது ஒரு உறுப்பு நாட்டின் குடியுரிமை கையில் இல்லாவிட்டால் ஐரோப்பியக் குடியுரிமையும் இல்லை. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியதும், வேறு உறுப்பு நாட்டுக் குடியுரிமை இல்லாத பிரிட்டிஷ்காரர்கள் எல்லோரும் அதை இழந்தார்கள்.

எனக்கு நியாயமாகப் படுவது நெதர்லாந்துக்காரர்கள் மாஸ்ட்ரிக்ட்டுக்கு முன்பே செய்தது: எந்த நாட்டவரானாலும் ஐந்து வருடம் சட்டப்படி வசித்திருந்தால் நகரசபைக்கு ஓட்டு, 1986 தேர்தலிலிருந்து. ஜேர்மனியிலும் ஹம்பர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலங்கள் இப்படி ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தன, 1990இல் அரசியல் சட்ட நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. 2005இல் வந்த ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருக்கிறது, பெயரில்தான் குடிமகன். கணவர் இந்தியர் என்பதால், பதிவுத் திருமணம் இரண்டு வருடம் நிலைத்திருந்தால் நானும் விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் விசா கவலை இல்லை. ஆனால் விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டும் இல்லை, விவாகரத்து ஆனால் அட்டையும் ரத்தாகும், அதாவது என் இருப்பே இன்னொருவர் கையில். சரி, நாடாளுமன்ற ஓட்டு குடிமக்களுக்கே இருக்கட்டும். எங்கள் வார்டில் சாக்கடையை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்ய, ஐந்து வருடம் இங்கேயே வாழ்ந்தவருக்கு ஒரு ஓட்டு கொடுத்தால் என்ன?