கட்ஆஃப் 181, என்ன கிடைக்கும்?

அக்கா மகளுக்கு கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90. பொறியியல் சேர்க்கைக்கான கட்ஆஃபில் கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதி: 92, 44, 45. இருநூறுக்கு 181. ரிசல்ட் வந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் கேட்பது, "கிண்டி கிடைக்குமா?" (அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரிதான்.) கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் வாய்ப்பில்லை மாமாக்களே, விடுங்கள்.

போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த கட்ஆஃபைப் பார்ப்பவர்கள் கல்லூரிப் பெயரோடு நிறுத்தாமல் பிரிவு, சமூக ஒதுக்கீடு வாரியாகப் பாருங்கள். ஒரே கல்லூரியில் சிவிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்னொன்று, மதிப்பெண் எல்லோருக்குமே கூடியிருந்தால் அதே 181 இந்த வருடம் பின்னுக்குப் போகும். அதனால் ரேங்க்கைத்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் பணம். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் அரசு நடத்தும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டும். கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. "இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க, சீட் போயிடும்" என்று போன் செய்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை! ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு; அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும்.

எங்கள் பெண் தனியார் பள்ளி, அக்காவும் டிகிரி முடித்தவள். இரண்டுமே பொருந்தாது. ஆகவே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள கல்லூரிகளை முதலில் குறித்துக்கொண்டிருக்கிறோம். விடுதிச் செலவு மிச்சம்.

கோவைப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸ் வாங்க.