வட கடல் காத்தாலை: கேபிள் செலவு யார் தலையில?

வட கடலைப் பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் முதல்ல வர்றது கிகாவாட் (ஒரு கிகாவாட்னா 1000 மெகாவாட்) கணக்குதான். 2022 மே மாசம் டென்மார்க்ல எஸ்பியர்ங்கற துறைமுக ஊர்ல டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம்னு நாலு நாடு கூடி 2050க்குள்ள 150 கிகாவாட் கடல் காத்தாலை நிறுத்துவோம்னு கையெழுத்து போட்டாங்க, அடுத்த வருஷம் ஏப்ரல்ல பெல்ஜியம் ஆஸ்டெண்ட்ல பிரிட்டன், நார்வே, பிரான்ஸ், அயர்லாந்து, லக்சம்பர்க் எல்லாம் வந்து சேர்ந்து ஒம்பது நாடாச்சு, கணக்கும் 2030க்குள்ள 120, 2050க்குள்ள 300ன்னு ஏறிடுச்சு. 1991ல டென்மார்க்காரங்க விண்டபில உலகத்தோட முதல் கடல் காத்தாலைய நிறுத்தினப்ப இருந்தது மொத்தமே 11 டர்பைன், எல்லாம் சேர்ந்து 5 மெகாவாட்டைக்கூடத் தொடல. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்தது பெரிய விஷயம்தான், அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. ஆனா இந்த விஷயத்த ரொம்ப நாளா விடாம படிச்சிட்டு வர்றதால எனக்கு ஒண்ணு நல்லா தெரியுது, கிகாவாட்டுக்கு எல்லாரும் தலையாட்டிடறாங்க, கேபிளுக்கு யார் எவ்வளவு போடறது, விலை ஏறினா யார் வீட்டு பில் ஏறும்ங்கற எடத்துலதான் பேச்சு நின்னு போகுது.

முதல்ல, ஏன் நாடுகள் சேரணும்? இப்போ வரைக்கும் பெரும்பாலும் நடக்கறது என்னன்னா, காத்தாலைல இருந்து அந்தந்த நாட்டுக் கரைக்கு ஒரு கேபிள், நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல கரண்ட் மாத்திக்க தனியா இன்னொரு கேபிள். காத்து அடிக்காத நேரத்துல முதல் கேபிள் சும்மா கெடக்கும். அந்த காத்தாலையையே ரெண்டு நாட்டோடயும் கோத்து விட்டா காத்து அடிக்கறப்ப கரண்ட் எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கம் போகும், காத்து இல்லாதப்ப அதே கேபிள்ல ரெண்டு நாடும் வியாபாரம் பண்ணிக்கலாம். கேக்க இவ்வளவு எளிமையா இருக்கறத பண்ணிக் காட்டினது ஒரே ஒரு எடத்துலதான், அதுவும் வட கடல்ல இல்ல, பக்கத்துல பால்டிக் கடல்ல, கிரீகர்ஸ் ஃப்ளாக்ல.

டென்மார்க்கோட கிரீகர்ஸ் ஃப்ளாக் காத்தாலையும் ஜெர்மனியோட பால்டிக் 2 காத்தாலையும் 30 கிலோமீட்டருக்கும் கம்மியான தூரத்துலதான் இருக்கு. நடுவுல கேபிள் போட்டா முடிஞ்சுதுன்னு தோணும், ஆனா டென்மார்க் பக்கம் கேபிள் 220 கிலோவோல்ட், ஜெர்மனி பக்கம் 150, அதனால கடலுக்கு நடுவுல பிளாட்ஃபார்ம்லயே டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டியதாச்சு. அது போக கிழக்கு டென்மார்க் கிரிட் (மின்கம்பி வலை) நார்வே, ஸ்வீடனோட சேர்ந்து ஓடறது, ஜெர்மனி கிரிட் ஐரோப்பா கண்டத்தோட ஓடறது, ரெண்டும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனா ஒண்ணோட அலை ஏறும்போது இன்னொண்ணோட அலையும் கூடவே ஏறணும்னு கட்டாயம் இல்ல, நேரா இணைச்சா உபகரணம் தாங்காது. அதுக்காக ஜெர்மனில பெண்ட்விஷ்ங்கற எடத்துல ஒரு கன்வெர்ட்டர் ஸ்டேஷன் கட்டி, ஏசி (திசை மாறிட்டே இருக்கற) கரண்டா வர்றத டிசி (ஒரே திசைல போற) கரண்டா மாத்தி அங்கயே உடனே திரும்ப ஏசி கரண்டா மாத்தி அனுப்பறாங்க. எந்த நேரத்துல எவ்வளவு காத்துக் கரண்ட் வரும், மிச்சம் எவ்வளவு எடம் வியாபாரத்துக்கு இருக்கும்னு கணக்குப் போட்டு ஓட்டறதுக்குன்னே தனி கன்ட்ரோல் சிஸ்டம் வேற. 2020 கடைசில இது ஓட ஆரம்பிச்சுது, இணைப்போட அளவு 400 மெகாவாட். ஆரம்பத்துல ஸ்வீடனும் இதுல இருந்துச்சு, மூணு நாட்டு இணைப்பா வந்திருக்க வேண்டியது, 2010லயே அவங்க வெலகிட்டாங்க, எனக்கு இன்னமும் அது வருத்தம்தான்.

இஞ்சினியருங்க தீத்து வச்ச அப்புறமும் சட்டம் வந்து குறுக்க நின்னுச்சு. ஐரோப்பிய விதிப்படி நாட்டுக்கு நாடு போற இணைப்புல 70 சதவீதமாவது வியாபாரத்துக்குத் திறந்து வைக்கணும், ஆனா இங்க காத்தாலைக் கரண்டே கேபிள்ல முக்கால்வாசிய நெரப்பிடற நேரமும் உண்டு, அதனால ரெண்டு நாடும் ஐரோப்பிய கமிஷன்கிட்ட விதிவிலக்கு வாங்கினதுக்கு அப்புறம்தான் நிம்மதியா ஓட்ட முடிஞ்சுது. காத்தாலைக்கு ஒரு சட்டம், நாடு விட்டு நாடு போற கேபிளுக்கு ஒரு சட்டம்னு எழுதி வச்சிருந்தாங்க, ரெண்டும் ஒண்ணாவே இருக்கற ஒரு பொருள யாரும் நெனச்சுப் பாக்கல.

இப்போ காசு விஷயத்துக்கு வர்றேன், இதத்தான் எல்லாரும் சீக்கிரம் தாண்டிப் போயிடறாங்க. ஒரு காத்தாலை ரெண்டு நாட்டோட கோத்திருக்குன்னு வச்சுக்கோங்க, ஒரு பக்கம் யூனிட் மொத்த விலை 4 சென்ட், மறு பக்கம் 7 சென்ட். கடல்ல இருக்கற அந்த எடத்தத் தனி விலை மண்டலமா (தனக்குன்னு ஒரு சந்தை விலை இருக்கற பகுதியா) வச்சா காத்தாலைக்காரருக்கு பெரும்பாலும் கெடைக்கப் போறது அந்த 4தான், நடுவுல இருக்கற 3 சென்ட் வித்தியாசம் கேபிள் வச்சிருக்கற கிரிட் கம்பெனிக்குப் போகும். அந்த 7 சென்ட் நாட்டுக்கு மட்டும் கேபிள் இழுத்த பக்கத்து காத்தாலைக்காரர் முழு 7 வாங்கிட்டு இருப்பார். அப்புறம் யார் வந்து ரெண்டு நாட்டு இணைப்புல பணத்தப் போடுவாங்க? கேபிள்ல எடம் கொடுக்க முடியாமப் போனா காத்தாலைக்கு நஷ்ட ஈடு உண்டுன்னு 2024 ஐரோப்பிய மின்சந்தைச் சீர்திருத்தத்துல சேத்திருக்காங்க, அது நல்ல முதல் படிதான், ஆனா எடம் இருந்தும் விலை கம்மியா கெடைக்கற பிரச்சனைய அது தொடல.

காத்தாலைக்காரங்க நிலைமையும் இப்போ சரியில்ல. டென்மார்க் 3 கிகாவாட்டுக்கு விட்ட டெண்டருக்கு 2024 டிசம்பர்ல ஒருத்தர்கூட வரல, 2025 ஆகஸ்ட்ல ஜெர்மனிக்கும் அதே கதி. காரணம் பல இருக்கு, வட்டி, ஸ்டீல் விலை, டர்பைன் விலை, ஆனா அடியில ஒண்ணு இருக்கு, காத்து அடிச்சா அந்தப் பக்கத்துல இருக்கற எல்லா டர்பைனும் ஒரே நேரத்துல சுத்தும், கரண்ட் குமிஞ்சு விலை விழும். அந்தக் கரண்டு தூரமா இருக்கற, அந்த நேரத்துல தேவை இருக்கற நாட்டுக்குப் போக வழி இருந்தா விலை அவ்வளவு விழாது. அதாவது கேபிள் பேச்சு இழுக்க இழுக்க காத்தாலைக்கு ஆள் வர்றதும் குறையும், இத அமைச்சர்கள் ஒரே மேசைல வச்சுப் பேசணும்னுதான் நான் சொல்றேன்.

நார்வே விஷயம் இன்னும் சிக்கல், அங்க மக்கள் கோவத்துல நியாயம் இருக்குன்னு நான் நெனக்கிறேன். அவங்ககிட்ட மலை அணைகள்ல தண்ணி இருக்கு, ஜெர்மனில காத்து பலமா அடிக்கறப்ப சல்லிசா கரண்ட் வாங்கிட்டு தண்ணிய மிச்சம் பிடிக்கலாம், காத்து இல்லாதப்ப தண்ணிய விட்டு கரண்ட் விக்கலாம், 2021ல வந்த நார்ட்லிங்க் (ஜெர்மனிக்கு) அப்புறம் நார்த் சீ லிங்க் (பிரிட்டனுக்கு, 720 கிலோமீட்டர்) ரெண்டுமே தலா 1400 மெகாவாட், இதுக்குத்தான் போட்டது. ஆனா 2024 டிசம்பர் 12ம் தேதி ஜெர்மனில காத்தும் இல்ல வெயிலும் இல்ல, அங்க ஒரு மணி நேர விலை ஒரு மெகாவாட்-மணிக்கு (1000 யூனிட்டுக்கு) 936 யூரோ வரைக்கும் போச்சு, அந்த விலை கேபிள் வழியா தெற்கு நார்வேயையும் இழுத்துட்டுப் போயிடுச்சு. வடக்கு நார்வேல அதே நேரம் கரண்ட் ரொம்ப மலிவு. தெற்குல வீடு வச்சிருக்கறவனுக்கு இது எப்படி இருக்கும், நம்ம மலை, நம்ம தண்ணி, ஆனா விலைய எங்கயோ வச்சு முடிவு பண்றாங்கன்னுதானே தோணும். அடுத்த மாசமே ஐரோப்பிய எரிசக்தி விதிகள் தகராறுல கூட்டணி அரசே உடைஞ்சுது. டென்மார்க்குக்கு 1970கள்ல போட்ட பழைய ஸ்காகெராக் கேபிள்கள புதுப்பிக்கலாமா வேண்டாமாங்கறது தேர்தல் பேச்சாவே ஆயிடுச்சு. 2025 அக்டோபர்ல இருந்து வீடுகளுக்கு யூனிட் 40 ஓர (நார்வேயோட சில்லறைக் காசு, வரி இல்லாம) நிலையான விலைன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, மக்கள சமாதானம் பண்ண அது உதவும், ஆனா அந்தப் பணம் முழுக்க நார்வே கஜானால இருந்துதான் போகுது, கேபிளால லாபம் பாத்த மத்த நாடு எதுவும் அதுல பங்கு போடல.

ஸ்வீடனும் 2024 ஜூன்ல ஜெர்மனிக்குப் போட இருந்த 700 மெகாவாட் ஹான்சா பவர்பிரிட்ஜ் கேபிள வேண்டாம்னுடுச்சு. ஜெர்மனி முழுக்க ஒரே விலை மண்டலமா இருக்கற வரைக்கும் எங்க தெற்குப் பக்கம் விலை ஏறும்னு காரணம் சொன்னாங்க. அது சும்மா சாக்குன்னு எனக்குத் தோணல, ஜெர்மனி வடக்குல காத்துக் கரண்ட் நெறஞ்சு கெடக்க தெற்குக்கு கொண்டு போக லைன் பத்தலங்கறது உண்மை, அந்த உள்நாட்டு நெரிசலோட சுமைய பக்கத்து நாடு ஏன் சுமக்கணும்?

பெல்ஜியத்தோட பிரின்சஸ் எலிசபெத் தீவையும் சொல்லணும். கரைல இருந்து 45 கிலோமீட்டர் தள்ளி, 23 பெரிய கான்கிரீட் பெட்டிங்கள வச்சு கடல்ல ஒரு தீவு, சுத்தி வர்ற காத்தாலைக் கரண்ட் எல்லாம் அங்க வந்து சேரும், அங்கிருந்தே பிரிட்டனுக்கும் ஒரு கேபிள்னு திட்டம். செலவு ஆரம்பத்துல சொன்னதவிட மூணு மடங்குக்கு மேல போய் 7 பில்லியன் யூரோவத் தாண்டினதும் 2025ல டிசி பகுதிய தள்ளி வச்சுட்டாங்க. அதாவது பிரிட்டனோட கோக்கறதுக்கு வேணும்ங்கற பகுதிதான் முதல்ல தள்ளிப் போச்சு. பெல்ஜியத்துல இருக்கறவங்க பில்லுல ஏறற செலவுக்கு கரண்ட் வாங்கப் போற மத்த நாடும் முன்னாடியே பங்கு ஒத்துக்கிட்டிருந்தா இந்த முடிவு வேற மாதிரி இருந்திருக்கும்னு நான் நம்பறேன்.

பங்கு போடறது முடியாத காரியம் இல்ல. கடலே இல்லாத லக்சம்பர்க், ஐரோப்பிய நிதித் திட்டம் வழியா 40 மில்லியன் யூரோ ஒதுக்கி ஃபின்லாந்துல சோலார் வர வச்சுது, அந்தப் பசுமைக் கணக்குல அவங்களுக்கும் பங்கு உண்டு. சின்னத் தொகைதான், ஆனா யார் எவ்வளவு கொடுத்தா என்ன கெடைக்கும்னு முன்னாடியே எழுதி வச்சு செஞ்சாங்க. இதே மாதிரி பிரிட்டனும் நெதர்லாந்தும் சேர்ந்து போட இருக்கற லயன்லிங்க்ங்கற இணைப்புல கேபிள் செலவு, விலை வித்தியாசத்துல வர்ற வருமானம், விலை ஏறற நாட்டு வீடுகளுக்கு அதுல இருந்து எவ்வளவு திரும்பப் போகும், இந்த மூணையும் டெண்டருக்கு முன்னாடியே பொதுவுல எழுதிப் போடணும். பிரிட்டன் 2021 ஜனவரில இருந்து ஐரோப்பாவோட ஒரே ஏலச் சந்தைல இல்லாததால கண்டத்துக்குப் போற கேபிள்ல எடத்தத் தனியா, கரண்டத் தனியா வாங்க வேண்டியிருக்கு, சில நேரம் விலை ஜாஸ்தியா இருக்கற பக்கத்துல இருந்து கம்மியா இருக்கற பக்கத்துக்கு கரண்ட் தலைகீழாப் போகுது. 2025 மே மாசம் திரும்ப சந்தைல சேரறதப் பத்திப் பேசலாம்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க, லயன்லிங்க் ஒப்பந்தம் கையெழுத்தாகறதுக்குள்ள அது முடியணும்.