ஃபிரிட்ஜ் கணக்கும் வீட்டுக் கடன் கணக்கும்

அப்பா தலைமுறையைவிட வசதி கூடியிருக்கா? ஃபிரிட்ஜ், பைக், இன்வெர்ட்டர் என்று எண்ணினால் சந்தேகமே வேண்டாம். வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால்தான் இடிக்கும்.

30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் மாதம் அதில் 21,250 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785தான்!

வட்டி ஆரம்பத்திலேயே 9.5 ஆனால் பெரும்பாலும் தவணை ஏறாது, காலம் நீளும். சத்தமில்லாமல் 20 வருடம் என்பது 25 வருடம் 8 மாதத்தைத் தாண்டிவிடும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏறியபோது பலருக்கு நடந்தது இதுதான். ரிட்டயர் ஆன பிறகும் தவணை, யார் கட்டுவது?

ஏற்ற வேண்டியது தவணையா, காலமா என்று கடன் வாங்கியவரைக் கேட்கச் சொல்லி வங்கிகளுக்கு 2023 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டாச்சு. உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். மாதம் 1,930 ரூபாய் கூடக் கட்டினால் அதே 20 வருடத்தில் முடியும்.