படிக்கட்டில் இருந்த சாடிகளும் 30 ரிங்கிட் டாக்சியும்

முதலில் அந்த டாக்சிக்காரர். பினாங்குப் படகுத்துறையை விட்டு வெளியே வந்ததும் பையைப் பிடுங்காத குறையாக ஏற்றிக்கொண்டு, ஆர்மீனியன் தெருவில் இறக்கிவிட்டு 30 ரிங்கிட் கேட்டார். கால் மணி நேரம் நடந்தால் வந்துவிடும் தூரம்! இலவச கேட் பஸ் ஓடுவதும் எனக்குத் தெரியும். வெயிலுக்குச் சோம்பியது என் தப்பு. பட்டர்வொர்த்திலிருந்து கடலைக் கடக்க 2 ரிங்கிட், கரையேறியதும் இந்தக் கொள்ளை. ஈப்போவில் போட்ட செலவுக் கணக்கு அங்கேயே கிழிந்தது.

வந்த காரியம் சுற்றுச்சூழலைப் பற்றிய ஒரு துணிக் கண்காட்சி. பழைய கடைவீட்டின் மாடி, ஏழெட்டுப் பாத்தேக் துணிகள், அவ்வளவுதான். மூன்றாவது துணியின் முன்னால் நின்றுவிட்டேன். வெள்ளை மணலில் பச்சையும் நீலமுமாகக் குழிகள்: மேலிருந்து பார்த்த எங்கள் ஈப்போவின் கிந்தா பள்ளத்தாக்கு! வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையில் இறங்கியதற்கு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அது குளமல்ல, ஈயம் தோண்டிய பள்ளம் என்பது பிறகுதான் தெரிந்தது. பாத்தேக்கில் மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு வெடித்தால் கீற்றுக் கீற்றாகக் கசியும். இந்தக் கலைஞர் குட்டைகளைச் சுற்றி மெழுகை வேண்டுமென்றே நொறுக்கி, துருநிறத்தை மணலுக்குள் ஓடவிட்டிருக்கிறார்.

அடுத்த அறையில் கொடியில் ஐந்து சாரோங்குகள். எல்லாவற்றிலும் முழங்கால் உயரத்தில் ஒரே சேற்றுக் கோடு. பினாங்கை மூழ்கடித்த 2017 நவம்பர் வெள்ளத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தஞ்சோங் தோக்கோங் கடலைத் தூர்த்து எழுப்பிய 'ஆண்டமான்' என்ற 760 ஏக்கர் செயற்கைத் தீவைப் பற்றிய துணி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஊர்வலப் பதாகை மாதிரி இருந்தது.

சுவா தியான் தெங் 1950களில் பாத்தேக்கை ஓவியமாக்கிய ஊர் இது. அதனால் கொஞ்சம் உரிமையோடு, காவலுக்கு இருந்த பையனிடம் கேட்டேன்.

"தம்பி, மண்ணையும் நீரையும் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, சாயத் தண்ணீரை எங்கே கொட்டுகிறீர்கள்?"

"அக்கா, படியேறும்போது பார்க்கவில்லையா?"

பார்த்தேன். நீலம், செம்பழுப்பு, கலங்கல் என்று வண்ண நீர் நிரம்பிய கண்ணாடிச் சாடிகள். அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அத்தனையும் துணி அலசிய நீராம். சாயம் பிடிக்க சோடியம் சிலிக்கேட், பிறகு அலசல், மெழுகு நீங்கக் கொதிநீர், மறுபடி அலசல். கிளந்தான், திரங்கானு மாநிலங்களின் பாத்தேக் பட்டறைகளுக்கு இந்தக் கழிவுநீர் நெடுநாள் தலைவலி. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்றேன்.

திறக்கும் நேரம், கட்டணமெல்லாம் குறித்துக்கொள்ள நினைத்திருந்தேன். நுழைவு 10 ரிங்கிட். மற்றதெல்லாம் மறந்துவிட்டது; காரணம் 'நாசி கண்டார்' என்ற குழம்புச் சோறு. கணவாய், வெண்டைக்காய், அவித்த முட்டை, மேலே மூன்று குழம்புகள் 'பாஞ்சிர்'. வெள்ளம் என்று பொருள்படும் அந்தச் சொல்லை அன்று வாய்விட்டுக் கேட்கவே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்டேன். 18 ரிங்கிட், டாக்சிக்குக் கொடுத்ததில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம், தட்டை வழித்துவிட்டேன். அந்த வெள்ளம் என் வெள்ளைச் சட்டையையும் விடவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று தண்ணீரில் அலசிவிட்டேன், மஞ்சள் போகவில்லை.