கொடுக்க ஆள் உண்டு, வாங்கத் தாள் இல்லை

2022 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி முடிந்து ஷெட்டுக்குத் திரும்பியபோது, மூலையிலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இரண்டாகப் பிளந்து, மழைநீர் நேராக ஜெர்சி மூட்டையின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரு அல்சூர் பகுதியில், ஒரு பள்ளி மைதானத்தின் ஓரமாக, பள்ளி நிர்வாகம் வாய்வார்த்தையாக எங்களுக்கு விட்டுக்கொடுத்த இரண்டு அறைகள்தாம் எங்கள் ரக்பி கிளப்பின் கட்டடம். ஒன்றில் பந்துகளும் கூம்புகளும் கிடக்கும். மற்றொன்றில் பையன்கள் உடை மாற்றுவார்கள். பெண்கள் அணி தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியும் அவர்களுக்கென்று அறை இல்லை. சுடிதாருக்குள்ளேயே ஷார்ட்ஸ் அணிந்து வருவார்கள். ஆட்டம் முடிந்ததும் முழங்காலில் காய்ந்த சேற்றோடு அதன்மேலேயே சுடிதாரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். இதை நாங்கள் ஒரு குறையாகவே எண்ணாமல் இருந்தோம் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நான் பகலில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுபவன்; அந்த ஒரே காரணத்துக்காக கிளப்பின் பொருளாளர் ஆக்கப்பட்டவன். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, கூரையை மாற்றி, பெண்களுக்கு உடைமாற்றும் அறையும் கழிப்பறையும் கட்ட 11,40,000 ரூபாய் ஆகும் என்றார். பிரியாணி விற்றோம், உண்டியல் வைத்தோம், இரண்டு மாதத்தில் 38,000 ரூபாய் சேர்ந்தது. அந்த வேகத்தில் போனால் இப்போது விளையாடும் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத்தான் கூரை கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார், அது மிகையில்லை.

எங்கள் பழைய வீரர் ஒருவர் தாம் பணிபுரியும் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஏழு லட்சம் வாங்கித் தரலாம் என்று சொல்லி, அந்தப் பிரிவின் அதிகாரியிடம் அழைத்துச் சென்றார். ரக்பிக்குத் தர விதியில் இடம் உண்டா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சமூகப் பொறுப்பு நிதியை எவற்றுக்குச் செலவிடலாம் என்று பட்டியலிடும் கம்பெனிகள் சட்டம் 2013-இன் ஏழாம் அட்டவணையில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் இருக்கிறது. எழுவர் ரக்பி 2016 ரியோ முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. அதைச் சொன்னதும் தலையசைத்தார். அடுத்து 12ஏ பதிவு (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி ஒப்புதல் (நன்கொடை தருபவருக்கு வரிவிலக்கு), சிஎஸ்ஆர்-1 எண் (சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதற்கான பதிவு), மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, இடத்துக்கான எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் என்று வரிசையாகக் கேட்டார். எங்களிடம் இருந்தது 2011-இல் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வாங்கிய ஒரு சான்றிதழ் மட்டுமே. பொதுக்குழு கூடிய பின் ஆண்டுதோறும் நிர்வாகக் குழுவின் பட்டியலைப் பதிவாளரிடம் தர வேண்டும் என்பதையும் நாங்கள் வெகுகாலம் மறந்திருந்தோம். பணம் கொடுக்க ஆள் இருந்தும் அதை வாங்குவதற்கான தகுதி எங்களுக்கு இல்லை. அதன்பின் கழிந்த ஒன்றரை ஆண்டில் பெரும்பகுதி அந்தத் தகுதியைத் தேடிக்கொள்வதில்தான் போனது.

ஆடிட்டர் எங்கள் துணைவிதிகளைப் படித்துவிட்டுச் சிரித்தார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் யாரோ எங்கிருந்தோ பார்த்து எழுதியதில், "உறுப்பினர்களின் பொழுதுபோக்குக்காக பில்லியர்ட்ஸ் மேசையும் சீட்டாட்ட அறையும் பராமரித்தல்" என்று ஒரு நோக்கம் இருந்தது. "சார், இதை வைத்துக்கொண்டு வருமான வரித் துறையிடம் போனால், இது உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே நடத்திக்கொள்ளும் மனமகிழ் மன்றம் என்றுதான் சொல்வார்கள். விளையாட்டை வளர்ப்பது அறச்செயல்தான் என்று 1984-லேயே சுற்றறிக்கை இருக்கிறது, ஆனால் பொதுமக்களுக்காக வளர்க்க வேண்டும்" என்றார். பொதுக்குழுவைக் கூட்டி நோக்கங்களைத் திருத்தினோம். சங்கம் கலைந்தால் மிஞ்சும் சொத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளாமல், இதே நோக்கமுள்ள வேறொரு அமைப்புக்குத் தர வேண்டும் என்ற விதியையும் சேர்க்கச் சொன்னார். அங்கேதான் சண்டை வந்தது. நாங்கள் வியர்வை சிந்திச் சேர்த்த காசை யாருக்கோ ஏன் கொடுக்க வேண்டும் என்று மூத்தவர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

அவருக்கு நான் கல்கத்தாவின் கதையைச் சொன்னேன். 1870-களில் அங்கே இருந்த ரக்பி கிளப் ஆள் குறைந்து கலைந்தபோது, வங்கியில் மிஞ்சியிருந்ததை 270 வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கி, கைப்பிடிகளில் நாகமும் மூடியில் யானையுமாக ஒரு கோப்பை செய்து, இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. "அவர்கள் பங்கு போட்டிருந்தால் ஆளுக்குச் சில ரூபாய்தான் வந்திருக்கும், அண்ணா" என்றேன். அவர் உட்கார்ந்தார். கதை பிடித்ததா, பசி எடுத்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது, விதி நிறைவேறியது.

அதன்பிறகு வருமான வரித் துறையின் 10ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 2022 டிசம்பரில் தற்காலிகமாக 12ஏ பதிவும் 80ஜி ஒப்புதலும் பெற்றோம். என் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகக் கணக்குகளிலிருந்து மூன்று ஆண்டு வரவு செலவை ஆடிட்டர் எழுப்பித் தந்தார். சிஎஸ்ஆர்-1 எண் வருவதற்குள் நிறுவனத்தின் அந்த ஆண்டு நிதி ஒதுக்கப்பட்டு முடிந்துவிட்டதால் அடுத்த ஆண்டுக்குக் காத்திருந்தோம். பள்ளியோடு பத்தாண்டு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தானதும், 2023 நவம்பரில் முதல் தவணை வந்தது.

மீதித் தொகையில் ஒரு பகுதிக்கு "ஆளுக்கு ஒரு ஷீட்" என்று கேட்டோம். கூரைக்கு 48 ஷீட். ஒன்று 2,500 ரூபாய். மொத்தமாக நன்கொடை என்று கேட்டபோது நழுவியவர்கள், ஒரு ஷீட் என்றதும் எந்த வரிசையில் எத்தனையாவது ஷீட் தம்முடையது என்று கேட்டுக்கொண்டு கொடுத்தார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி விலக்கு கிடையாது என்பதால், எல்லோரையும் யுபிஐ வழியாகவே அனுப்பச் சொல்லிப் பான் எண்ணையும் வாங்கிக்கொண்டேன். சிமெண்ட் கடைக்காரர் நாற்பது மூட்டையை இறக்கிவிட்டு 80ஜி ரசீது கேட்டார். பொருளாகத் தருவதற்கு அந்த விலக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். மனத்தாங்கலோடு போனவர் மறுநாள் காசோலையோடு வந்தார். மூட்டைகளுக்கு அவர் கடையிலேயே பில் போட்டுப் பணம் கட்டினோம். சுவரில் தம் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றார். பெயரும் நன்றியும் மட்டும் இருந்தால் அது நன்கொடை, ஜிஎஸ்டி வராது என்று 2019-ஆம் ஆண்டின் சுற்றறிக்கை சொல்கிறது. கடையின் தொலைபேசி எண்ணும் சேர்ந்தால் விளம்பரமாகிவிடும். எண்ணை விட்டுவிடச் சம்மதித்தார்.

துபாயிலிருக்கும் பழைய வீரர் இந்தியப் பாஸ்போர்ட்காரர். அவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பியதை ஏற்றுக்கொண்டோம். லண்டனில் இருப்பவர் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றுவிட்டார். அவருடைய பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகிவிடும், அதற்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தனி அனுமதி வேண்டும். அதனால் வேண்டாம் என்றோம். இருவரும் ஒரே அணியில் தோளோடு தோள் சேர்த்து ஸ்க்ரம் (ரக்பியில் எதிரணியோடு முட்டித் தள்ளும் கட்டம்) தள்ளியவர்கள். லண்டன்காரர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கட்டட வேலை 2024 கோடையில் மாட்டிக்கொண்டது. அந்த மார்ச்சில் ஊரே தண்ணீருக்கு அலைந்தது. கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. புதுச் சுவரை நனைக்கச் சுத்திகரித்த கழிவுநீரை டேங்கரில் வரவழைத்தோம். பெண்களுக்கு ஷவர் வைக்கும் திட்டத்தைக் கைவிட்டு, வாளியும் குவளையும் வைத்து, கூரைநீர் விழ ஒரு தொட்டி கட்டினோம். உட்புறத் தாழ்ப்பாள் மேஸ்திரியின் பட்டியலிலேயே இல்லை. அணித் தலைவிதான் அதைக் கவனித்து, தம் கைக்காசில் இரண்டு வாங்கிவந்து மாட்டச் சொன்னார்.

மே மாத இறுதியில் நன்கொடையாளர் விவரங்களை 10பிடி படிவத்தில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் வரிவிலக்குக் கோருவதற்கான 10பிஇ சான்றிதழ் எடுத்துக் கொடுத்தேன். ஒருவருடைய பான் எண்ணில் ஓர் எழுத்து தவறியிருந்ததால் அவருக்கு மட்டும் திருத்த அறிக்கை தர வேண்டியிருந்தது. தற்காலிகப் பதிவை முறையான பதிவாக மாற்றும் 10ஏபி படிவத்துக்கு ஜூன் 30 வரை நேரம் நீட்டிக்கப்பட்டிருந்தது. அதற்கான தாள்களைப் புதிய அறையின் பெஞ்சில் பரப்பிவைத்து, பதிவாளருக்குத் தராமல் விட்ட பட்டியல்களை ஆடிட்டரும் நானும் ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தோம்.