புளியமரத்தடியில், ஆம்புலன்ஸ் வரும்வரை

மாசி, பங்குனியில் தருமபுரிப் பக்கம் புளி உலுக்கும் வேலை நடக்கும். கிளை ஒடிந்து பெரியண்ணன் மரத்திலிருந்து விழுந்தபோது நான் பக்கத்து மரத்தடியில் இருந்தேன். அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. “இடுப்புக்குக் கீழே மரத்துப்போச்சுடா” என்றார்.

ஓடி வந்தவர்களைத் தடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆளுக்கொரு கை பிடித்து ஆட்டோவில் உட்கார வைத்துவிடலாம் என்றார்கள், பாசத்தில்தான். ஆனால் உடைந்த முதுகெலும்பு வளைந்தால் எலும்புத் துண்டு தண்டுவடத்தை நசுக்கிவிடும். அதுவரை தப்பித்த நரம்பும் போய்விடும். நான் வேலை பார்க்கும் ஆலையில் முதலுதவிப் பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தலைமாட்டில் முழங்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தலையைக் கிடந்த நிலையிலேயே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காதை மட்டும் மூடவில்லை, நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்க வேண்டும். “மாமா, தூக்காதீங்க. தண்ணியும் வேண்டாம்” என்றேன். மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். தம்பி 108-இல் பேசினான். அசைக்காதீர்கள், மூச்சைக் கவனியுங்கள் என்று அவர்களும் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸில் வந்த இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) பெண் கால்மாட்டுப் பக்கமிருந்தே நடந்து வந்தார். குரல் கேட்டு அண்ணன் தலையைத் திருப்பிவிடக் கூடாதல்லவா! “தலையை ஆட்டாதீங்கண்ணா, வாயால மட்டும் பதில் சொல்லுங்க.” முதலில் மூச்சு, நாடி, எங்காவது ரத்தம் போகிறதா என்று பார்த்தார். அப்புறம் கைவிரலை இறுக்கச் சொன்னார். பாதத்தைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார். வலது கட்டைவிரலில் மட்டும் லேசாகத் தெரிந்தது. நேரத்தோடு அதைக் குறித்துக்கொண்டார்.

கழுத்துக்குக் காலர் போட்டார்கள். ஸ்கூப் ஸ்ட்ரெச்சரை இரண்டாகப் பிரித்து, இருபுறமும் உடம்புக்கு அடியில் நுழைத்துப் பூட்டினார்கள். நெஞ்சு, இடுப்பு, கால் என்று பட்டை கட்டி, கடைசியில்தான் தலைக்கு இருபக்கமும் அணை வைத்துக் கட்டினார்கள். “இப்ப கையை எடுங்க” என்று அவர் சொல்லும்வரை நான் விடவே இல்லை. எடுத்த பிறகுதான் கை நடுங்கியது. மண்பாதையில் பைலட், அதாவது ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினார். அவருக்கு என்றென்றும் நன்றி.

மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரிலிருந்து சீக்கிரமே மெத்தைக்கு மாற்றினார்கள், கெட்டியான பலகையில் அதிக நேரம் கிடந்தால் படுக்கைப்புண் வருமாம். சி.டி. ஸ்கேனில் முதுகெலும்பில் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு நொறுங்கியிருந்தது. டாக்டர் முதலில் கேட்டது அந்தக் குறிப்பைத்தான்: விழுந்த இடத்தில் காலில் உணர்வு இருந்ததா? கட்டைவிரலில் இருந்த அந்தக் கொஞ்சம் உணர்வை வைத்து, தண்டுவடம் முழுதாகச் சேதமாகவில்லை என்றார். அறுவை சிகிச்சை செய்து ராடு, ஸ்க்ரூ பொருத்தினார்கள். அண்ணன் இப்போது வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார்.